கருப்பட்டிக் காப்பியில் பொங்கிய நுரை

உட்கார்ந்த இடமெல்லாம் சிம்மாசனமாகும் பெருமை படைத்தவரும், இன்று மட்டும் நம் பள்ளிக்கூடத்தின் ஆடும் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருப்பவருமான ஊராட்சித் தலைவர் பாக்கர் மரைக்காயர் அவர்களே! கடலையே கால்கழுவும் தொட்டியாக்கிய பெரியோர்களே! அடுப்பையும் அலையையும் ஒரே பார்வையில் அடக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே, 'இந்த மனுசன் இன்னைக்கு என்னத்த உளறப் போறாரோ' என்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருக்கும் என் இல்லத்து மகாராணி மிக்கேலம்மாளே! உங்கள் எல்லோர் காலடியிலும் இந்த யாக்கோபு, ஒரு வள்ளம் நிறைய வணக்கம் கொண்டுவந்து இறக்குகிறான்.

மாதர் சங்க ஆண்டு விழாவில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. இன்று நான் வழக்காட வந்திருக்கிறேன்!

பூட்டிக் கிடக்கிற பழைய உப்புக் கொட்டகையைச் சோப்புக் காய்ச்சத் தாருங்கள் என்று நம் மாதர் சங்கம் கேட்டது. தலைவர் என்ன சொன்னார்? "யாக்கோபு மச்சான், நம்ம உப்புக் கெணத்துத் தண்ணிக்குச் சீமைச் சோப்பே நுரைக்கல. இவுக காச்சுறதா நுரைக்கப் போவுது? நுரைச்சாச் சாவி. இல்லாட்டி கொட்டகையை வலைக்காரங்களுக்குக் குடுத்துருவேன்" என்றார். தீர்ப்பு இன்றைக்கு. இந்த மேடையில்.

கொட்டகை இல்லையென்றால் சோப்பும் இல்லை. சோப்புக்குச் சேர்க்கிற காஸ்டிக் சோடா என்பது கண்ணாடித் தூள் போல மினுங்கும் கங்கு. தவழும் பிள்ளைகள் இருக்கிற அடுப்படியில் அதைக் கரைக்கலாமா? ஒரு தடவைக்கு மேல் கரைக்க மாட்டேன் என்று என் தங்கை மகள் வேளாங்கண்ணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அதோ, தூணோரம் நிற்கிறாளே, அவள்தான். அரசாங்கத்தின் சோப்பு வகுப்பில் ஆறு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவள்.

என்னம்மா அங்கன சத்தம்? "காப்பிக் கதையைச் சொல்லு மாமா" என்கிறார்களா? யார் வெளியே விட்டது? மிக்கேலு, நீயா? சரி. என் மானம் பெரிதா, கொட்டகை பெரிதா? கொட்டகைதான் பெரிது, அதற்குக் கூரை இருக்கிறது. சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் நான் எப்படி இருந்தேன்? காலையில் எழுந்து நின்றால் வயிறு வாசலைத் தாண்டும். நான் பின்னால் போவேன். நாளைக்கு எட்டுக் கிளாஸ் டீ, கிளாஸுக்கு நாலு கரண்டிச் சீனி. மூன்று வேளையும் மில்லில் தீட்டித் தீட்டி வெளுத்த அரிசிச் சோறு, அதன் தலையில் பொரித்த கருவாடு. மாடி ஏறினால் மூச்சு கீழேயே நின்றுவிடும். ராமநாதபுரத்து டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "யோவ், உம்ம உடம்புல ரத்தம் ஓடுதா, பாகு ஓடுதா?" என்றார்.

அன்றோடு என் வீட்டில் ஆட்சி மாறியது! காலையில் கேப்பைக் கூழ். மதியம் முருங்கைக் கீரையும் சாளை மீன் குழம்பும், சோறு பாதி. சீனி டப்பா நாடு கடத்தப்பட்டது. "கருப்பட்டியும் இனிப்புதான்யா, கொட்டைப்பாக்கு அளவுக்கு மேல கூடாது" என்று டாக்டர் சொன்னதை மிக்கேலம்மாள் வேதவாக்காக்கி, பாக்குவெட்டியால் நறுக்கித் தருவாள். பலன்? நேற்று நான் தும்மினேன். கப்பல் சங்கு ஊதுகிறது என்று நினைத்துப் பாம்பன் பாலமே தூக்கிக்கொண்டது!

ஆனால் நாக்கு இருக்கிறதே, அது திருந்துமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிக்கேலம்மாள் பூசைக்குப் போயிருந்தாள். பரணைப் பார்க்கிறேன். ஓலைக்கொட்டான்! உள்ளே பார்க்கிறேன். சிரட்டை சிரட்டையாய், பழுப்பு நிறத்தில், பளபளவென்று உறைந்து கிடக்கிறது! நம் பக்கத்தில் சிரட்டையில் வார்த்து ஓலைக்கொட்டானில் வைப்பது எது? கருப்பட்டி! வேறெதை நினைப்பான் ஒரு தமிழன்?

காப்பிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், நல்ல தண்ணீர்ப் பானை காலி. உப்புத் தண்ணீர்ப் பானையில் மொண்டேன். கொதிக்க வைத்தேன். ஒரு சிரட்டைக் கட்டியில் பாதியைப் போட்டேன். ஐயா, நுரை எழுந்தது! சட்டியைத் தாண்டியது, அடுப்பைத் தாண்டியது. ஆகா, என் கைராசியே ராசி என்று ஒரு மடக்கு...

சிரிக்காதீர்கள். மாண்டு மீண்டவன் பேசுகிறேன்.

துப்பினேன். 'மிக்கேலு' என்று கூப்பிட்டேன். பெயர் வரவில்லை, குமிழி வந்தது. பூசை முடிந்து உள்ளே நுழைந்தவள், "ஐயோ, பேய் பிடிச்சிருச்சே!" என்று மாதா படத்தடியில் இருந்த தீர்த்தத்தை என் முகத்தில் தெளித்தாள். அதுவும் நுரைத்தது!

அலறல் கேட்டு ஓடிவந்தாள் வேளாங்கண்ணி. கொட்டானைப் பார்த்தாள். "மாமா, அது சோப்பு! தேங்காயெண்ணெயும் கொஞ்சம் புன்னையெண்ணெயும் விட்டுக் காச்சுனது. ஒரு மாசம் ஆறணும்னு, பிள்ளைக கைக்கு எட்டாம உங்க பரண்ல வச்சேன்!" பிள்ளைகள் கைக்கு எட்டவில்லை, உண்மைதான். ஆறிய சோப்பு, ஆகவே நாக்கு தப்பியது. காய்ச்சிய அன்றே கடித்திருந்தால் இன்று ஊமை நாடகம்தான் பார்த்திருப்பீர்கள்.

பிறகு கேட்டாளே ஒரு கேள்வி! "மாமா, எந்தப் பானைத் தண்ணி?"

"உப்புப் பானை" என்றேன்.

குதித்தாள்! மாமன் சாகக் கிடக்கிறான், மருமகள் கூத்தாடுகிறாள்! "தேங்காயெண்ணெச் சோப்பு உப்புத் தண்ணிக்கும் நுரைக்கும்னு வகுப்புல சொன்னாக மாமா, இங்கன ஒருத்தரும் நம்பல. நீங்கதான் சாட்சி!"

தாய்மார்களே! நல்ல தண்ணீர் ஊற்று எவ்வளவு தூரம்? இரண்டு மைல் மணல். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று சுமந்து வருவது யார்? நீங்கள். அதில் பாதியைச் சட்டை துவைக்கவென்று கொட்டவைப்பது யார்? நாங்கள்! இனி உப்புக் கிணறு துணிக்கு ஆகட்டும், நல்ல தண்ணீர் நாவுக்கு ஆகட்டும்! இடுப்புக்கு ஒரு குடம் குறையட்டும்! அதற்கு ஒரு கொட்டகை அதிகமா? ஒரு சாவி அதிகமா?

தலைவரே, இதோ வாளி, இதோ சோப்பு. தண்ணீர் உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். உங்கள் வீட்டம்மாவே இறைத்துக் கொடுத்தார்கள். அதோ சிரிக்கிறார்கள் பாருங்கள். கையை விடுங்கள் மரைக்காயரே! தேயுங்கள்... இன்னும்... ஏலே, முன்னால் நிற்கிறவன் தலையைக் குனி, சனம் பார்க்கட்டும்!

வந்துவிட்டது! மணிக்கட்டு மறைந்துவிட்டது! முழங்கையைக் காணோம்! என்ன சொல்கிறார்? "மச்சான், மடியில சாவி இருக்கு, கை வழுக்குது, நீரே எடுத்துக் குடும்" என்கிறார்!

வேளாங்கண்ணி, வாம்மா. மாமன் கையால் வாங்கிக்கொள். கொட்டகையில் முதல் பலகை எழுதும்போது மட்டும் ஒன்று செய்: 'இது தின்பதற்கல்ல' என்று பெரிய எழுத்தில் எழுதி, என் வீட்டுப் பக்கம் பார்த்து மாட்டு.

கை வழுக்கினாலும் வாக்கு வழுக்காத தலைவருக்கும், வயிறு வலிக்கச் சிரித்த உங்களுக்கும் கொட்டைப்பாக்கு அளவுக் கருப்பட்டியும் கடலளவு நன்றியும் உரித்தாகுக. வாழ்க நம் மாதர் சங்கம்! வணக்கம்!