புனமாலை கசம்

அது ரொம்பக் காலத்துக்கு முந்தி, கேட்டுக்கிடுங்க. மலையடிவாரத்துல கொறுக்காந்துறைன்னு ஒரு ஊரு. அங்க புனமாலைன்னு ஒருத்தி, ஓடையில மீன் பிடிச்சு ரெண்டு பொட்டப்பிள்ளையள வளத்தாளாம்.

அப்போ மலையில மரம் வெட்டுன குத்தகைக்காரன் ஒருத்தன், தடியைத் தண்ணியில மிதக்கவிட்டுக் கொண்டுபோனான். தடி முட்டுதுன்னு ஓடைக்குள்ள கிடந்த பட்டமரம், வேரு, தூரு அம்புட்டையும் வாரி எறிஞ்சான். வேலை முடிஞ்சுது, போயிட்டான். தண்ணி நிக்க இடமில்லாம விழுந்தடிச்சு ஓடிச்சு. மீன் கிடக்குற ஆழமான மடுவு, அதத்தான் கசம்னு சொல்லுவாவ, எல்லாத்தையும் மணல் மூடிச்சு. புனமாலை போறா, வெறுங்கூடை. மறுநாளும் போறா, வெறுங்கூடை.

ஒரு பேய்க்காத்துல, வளைவுல நின்ன மருத மரம் வேரோட ஓடையில சாஞ்சுது. கொஞ்ச நாள் கழிச்சு அது அடியில கையை விட்டா, வழுவழுன்னு ஆரல்! அங்கன தண்ணி இடுப்பளவுக்குத் தோண்டியிருக்கு. "அடப்பாவி குத்தகைக்காரா, வீட்டைப் பிரிச்சுப் போட்டா மீனு எங்கன குடியிருக்கும்?"னாளாம்.

அன்னையிலருந்து, கரையில விழுந்துகிடந்த மரத்தையெல்லாம் தன் ஒத்தை எருமையைப் பூட்டி இழுத்தா. மகளுவ தள்ள, இவ இழுக்க, வேரு கரையிலயும் கொப்பு தண்ணியிலயுமா போட்டா.

ஓடைக்கரையில நெல் போட்டிருந்த அணஞ்சபெருமாள் ஓடியாந்தாரு. "ஏட்டி புனமாலை! தண்ணிய மறிச்சு என் வயலை முக்கப் பாக்கியா?"

"மறிக்கலை அண்ணாச்சி, ஒரு பக்கம் வழி விட்டிருக்கேன். ஒரு மழை பாருங்க. வயல்ல தண்ணி ஏறிச்சுன்னா, ஊரைவிட்டே போயிருதேன்."

சொல்லிட்டா. சொன்னபொறவு ஒவ்வொரு மரத்தையும் போயி உலுக்கி உலுக்கிப் பாத்தா.

ஐப்பசி மழை வந்துச்சு. மலையே இடிஞ்சு வந்தமாதிரி வெள்ளம். ஊரே வரப்புல நிக்கு. தண்ணி ஏறுது, ஏறுது, வரப்பைத் தொடுது. மகளுவ கையைப் புடிச்சுக்கிட்டு, "சாஸ்தாவே, மூணு பேரும் எங்க போவோம்"னு நிக்கா புனமாலை. தொட்ட தண்ணி அங்கனயே நின்னுது. அவ விட்ட வழியாவே மெள்ள மெள்ள வடிஞ்சுது. ஒரு மரம் அசையலை.

அணஞ்சபெருமாள் தலைத்துண்டை அவுத்து முகத்தைத் தொடச்சாரு. "ஏட்டி, உசுரு போயிட்டு வந்துச்சு"ன்னாரு.

"எனக்கும்தான் அண்ணாச்சி"ன்னு வரப்புலயே உக்காந்துட்டா. சிரிச்சாளா அழுதாளான்னு பாத்தவுகளுக்கே தெரியலைன்னு சொல்லுதாவ.

அந்தக் கோடையில மரத்துக்கு மரம் கசம். கெண்டை, ஆரல், விலாங்கு! அணஞ்சபெருமாள் வீட்டுலயும் மீன்கொழம்பு மணந்துச்சாம்.

அந்த வளைவுக்கு இன்னைக்கும் புனமாலை கசம்னுதான் பேரு. கொறுக்காந்துறைக் கரையில மரம் விழுந்தா ஒருத்தரும் விறகுக்கு வெட்ட மாட்டாவ. ஊர்கூடித் தண்ணிக்குள்ள தள்ளுவாவ. முதல்ல கை வைக்கிறது பொம்பளையளுதான். அணஞ்சபெருமாள் வம்சத்து ஆம்பளையளே ஆனாலும் பொறத்தாலதான் நிக்கணும்.