கியர் கம்பியில் கட்டிய சிவப்புத் தோல்

"டீ ஆறுது, குடிச்சிட்டுப் போ" என்றேன். என் தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான். அவன் நின்றபடியே பாதி டம்ளர் குடித்தான். மீதியை வாசல்படியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினான்.

உங்கள் விபத்து விசாரணை அறிக்கையின் நகல் நேற்று வந்தது. ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் போல்ட்டை இறந்தவர் முறுக்காமல் விட்டிருக்கிறார், அவருடைய கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று முடித்திருக்கிறீர்கள். தெளிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது தவறு. அவன் கவனக்குறைவான ஆள் இல்லை. ஒரு மெக்கானிக்கைப் பற்றி அப்படி எழுதிவைத்தால் காலத்துக்கும் அந்தப் பேச்சுதான் நிற்கும். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

நான் வண்டிகளுக்கு சீட் தைப்பவள். சிறு வயதிலிருந்தே எனக்கு ஒரு கால் கட்டை, விந்தித்தான் நடப்பேன். அப்பா வாங்கிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிய கார் அது. கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் பழைய மாடல். எங்கள் கைக்கு வந்தபோது தரைத்தகடு முழுக்க இற்றுப்போயிருந்தது. கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. பின் சீட்டில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. ஏழு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், நானும் தம்பியும் அதோடு மல்லுக்கட்டினோம். இரும்பும் எஞ்சினும் அவன் பொறுப்பு. தோலும் துணியும் என் பொறுப்பு. கூரையை மட்டும் நான்கு முறை பிரித்துத் தைத்தேன்.

திறந்த காரில் என்ன அப்படி ஒரு ஆசை என்று அவன் மனைவி ஒருமுறை கேட்டாள். வெயில், தூசி, தலைமுடி பறக்கும் என்றாள். என் காரணம் வேறு. அந்தக் காரில் போகிறவளை ஊரே பார்க்கும். ஆனால் இடுப்புக்கு மேலேதான் பார்க்கும். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. தம்பிக்கு இது சொல்லாமலே தெரியும். "முதல் ஓட்டத்துல நீதான் என் பக்கத்துல. கலங்கரை விளக்கம் வரைக்கும் போறோம். ராணி மாதிரி உட்காரு, கையை மட்டும் ஆட்டிடாதே, ஓட்டு கேட்க வந்தவளோன்னு நினைச்சுப்பாங்க" என்பான். டிரைவருக்குப் பக்கத்து சீட்டை என் அளவுக்குத் தைத்தேன். ஒரு பக்கம் விரல்கிடை உயரம். அதில் உட்கார்ந்தால் என் இடுப்பு சாயாது.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. இரண்டாவது வருடம் அவன் ஒரு சக்கரத்தின் நட்டுகளை விரலால் மட்டும் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். தெரியாமல் நான் காரைத் தள்ள, சக்கரம் தனியாக உருண்டு பக்கத்து வீட்டுக்காரரின் நாற்காலியில் போய் மோதியது. அன்றே என்னிடம் மிஞ்சிய சிவப்புத் தோலில் ஒரு வார் வெட்டி வாங்கிக்கொண்டான். எதையாவது விரல் முறுக்கில் விட்டுப் போனால் அந்த வாரைக் கியர் கம்பியின் கழுத்தில் முடிச்சுப்போட்டுக் கட்டுவான். ஸ்பானர் போட்டு இறுக்கியவர்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அது அவனாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். இறுக்க எனக்கும் கற்றுக்கொடுத்திருந்தான். வார் இல்லையென்றால் கார் சரியாக இருக்கிறது என்று பொருள். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட இது தப்பியதில்லை. பிறகு எங்களுக்குள் கேள்வியே தேவைப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவன் ஸ்டீயரிங்கை நேராக உட்காரவைத்துக்கொண்டிருந்தான். அடி போல்ட்டை விரலால் பூட்டினான். போன் வந்தது. வாரைக் கட்டிவிட்டுப் பேசிக்கொண்டே தெருவுக்குப் போனான். பேச்சு நீண்டது. கதவோரப் பட்டியை ஒட்டலாம் என்று நான் உள்ளே ஏறினேன். என் சீட்டில் ஒரு தாள் கிடந்தது. அவன் கையெழுத்து. விற்பனை விளம்பரத்துக்காக எழுதியிருக்கிறான்.

எஞ்சின் முழுவதும் புதுப்பித்தது. அடித்தகடு புதியது. உரிமையாளர் தனி ஒருவராகச் சீரமைத்தது. கூரையும் உள்வேலையும் வெளியே கொடுத்துத் தைத்தவை. இப்படிப் போனது. கடைசி வரி: "பக்கத்து சீட் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது. சிறு குறை. மாற்றித் தரப்படும்."

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். தாளை அப்படியே வைத்தேன். பிறகு கியர் கம்பியின் உருண்டைத் தலையைத் திருகிக் கழற்றினேன். வாரை மேலே உருவி எடுத்தேன். தலையைத் திரும்ப மாட்டினேன். ஸ்பானர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. போல்ட்டையும் தொடவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். சட்டை மாற்றிக்கொண்டான். காரை வெளியே எடுக்கப் போகிறான் என்று தெரிந்தது. எங்கே என்று கேட்டேன்.

"சும்மா, பங்க் வரைக்கும்க்கா. டேங்க் நிரப்பிட்டு வந்துடறேன்."

"முதல் ஓட்டமா?"

"இதெல்லாம் ஓட்டத்துல சேர்த்தியா? நம்ம ஓட்டம் நாளைக்கு."

காரை வாங்குபவரிடம் காட்டப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் வாரைப் பற்றிச் சொல்லியிருப்பேன். இதை நான் நம்புகிறேன்.

கதவைத் திறந்தவன் கியர் கம்பியைப் பார்த்தான். "வாரைக் காணோமே. நீயே முறுக்கிட்டியாக்கா?" என்றான்.

அப்போதுதான் டீ ஆறுவதைச் சொன்னேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. "உன் கை பட்டா அப்புறம் அதை யாரு கழட்டுறது" என்று குடித்தான்.

அவன் மனைவி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து என் சீட்டில் உட்கார்ந்தாள். நான் அவளைக் கூப்பிட்டேன். "நீ இரும்மா. இந்தப் பட்டிக்குப் பசை தடவணும், ஓரத்தைப் பிடிச்சுக்க, எனக்கு ஒரு கை குறையுது." முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கினாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளை இறக்கிவிட்டதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கெட்ட மனசுக்காரி அப்படிச் செய்ய மாட்டாள்.

எங்கள் தெரு இறங்கித் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே திரும்பும். அந்தத் திருப்பத்தில் ஸ்டீயரிங் சுற்றியிருக்கும், சக்கரம் திரும்பியிருக்காது. மதில்சுவர் அங்கே இடுப்பளவுதான். கூரையைத் திறந்துவைத்திருந்தான். பட்டியில் பசை காய்வதற்குள் ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள்.

பிறகுதான் அவள் சொன்னாள். இருவரும் வேறு ஊருக்கு வேலைக்குப் போவதாக இருந்தார்களாம். "அக்கா கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா சரியாவே சாப்பிடலை" என்றாள், என் தோளில் சாய்ந்துகொண்டு. இப்போது அவள் எங்கும் போகவில்லை. என்னோடுதான் இருக்கிறாள். அவளைச் சாப்பிடவைப்பது நான்தான். நான் செய்ததை நீங்களே அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.

ஆகவே அறிக்கையைத் திருத்துங்கள். அவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போனான். விரல் முறுக்கில் விட்டான், அடையாளம் கட்டினான். அந்த அடையாளத்தை எடுத்தது நான். போல்ட் இறுகவில்லை என்று தெரிந்தே எடுத்தேன், தெரிந்தே அனுப்பினேன். அந்த டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் நான்தான்.

ஆனால் எங்கள் விதியை நான் மீறவில்லை. வார் என் ஊசிப் பெட்டியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்காமல் முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பதுதானே விதி. நான் அவிழ்க்கவில்லை. அவன் போட்ட முடிச்சு அப்படியேதான் இருக்கிறது.