எந்தப் பக்கத்துச் சத்தம்

"ஹலோ… ஹலோ! காஞ்சிபுரமா? கோதண்டண்ணாவா?… நான்தாண்ணா, இருதயசாமி. உங்க சுங்குவார்சத்திரம் வூட்ல குடியிருக்கிறவன்… ஆமா, ஆமா… வாடகை விஷயம் இல்லணா, அது அப்பவே குடுத்தாச்சு. சுவத்துல சத்தம் கேக்குது…"

பலராமன் மளிகைக் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருதயசாமி ரிசீவரை இடது காதில் அழுத்திக்கொண்டான். வலது காது பம்பாய்க் கடலுக்கடியில் வேலை பார்த்த நாளிலேயே சவ்வு வெடித்துச் செவிடாகிப் போனது. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவன் குடியிருக்கும் வீடு.

"குடிக்கலணா! மாதா மேல சத்தியமா… காலைலேந்து டக்கு டக்குனு வெடிக்குது… எலி இல்லணா, எலி எங்கயாவது காரைய உதுக்குமா?… மாடில வேர்க்கடலை மூட்டை அடுக்கிப் பூட்டி வெச்சிருக்கீங்களே, அது மேல ஒழுவுது. நனஞ்ச மூட்டை இன்னா கனம் கனக்கும்! பூட்ட உடைச்சு எறக்கிடட்டுமா?… சரி, சரி, கத்தாதீங்க, உடைக்கல. சாவியக் குடுத்தனுப்புங்க… நாளைக்கா? அது வரைக்கும் தாங்கணுமேணா!"

"சிரிக்காதீங்க… ஆமா, பயந்தாங்கொள்ளிதான். ஒத்துக்கறேன். நேவில முங்கக் கத்துக்கினு, பம்பாய்ல கடலுக்குள்ள எண்ணெய்க் கெணறு போடப் போனேனே, அப்ப பயம்னா இன்னான்னு தெரியாது. அந்த வேலையே அப்பதான் ஆரம்பம். இடுப்புல ஒரு கயிறு, மூச்சுக்கு ஒரு ரப்பர் குழா, அவ்ளோதான். நானும் என்கூட முங்குற தாமசும் மேடையத் தாங்குற இரும்புக் கால்கிட்ட வேல பாத்துக்கினு இருந்தோம். இதே சத்தம்ணா. டக்கு. தண்ணிக்குள்ள எந்தப் பக்கம்னு தெரியாது, மண்டைக்குள்ளயே கேக்கும். நான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். அவன் அந்தப் பக்கம்… மேல ஏறி அவன் கயித்த இழுத்தோம். கயிறு மட்டும் லேசா வந்துச்சுணா."

பலராமன் பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

"யம்மா, ஆப்பரேட்டரம்மா, கட் பண்ணிடாத! இன்னொரு மூணு நிமிஷம் போடு, புண்ணியமாப் போவும்!… ஹலோ, அண்ணா?… வெளிய எங்க கூட்டினு போறது? மேரி பச்ச உடம்புக்காரி. புள்ள பொறந்து பத்து நாள்கூட ஆவல. இந்த மழைல எங்க போவேன்?… அதான், தெருப்பக்கத்து ரூம்ல சத்தம் கேக்குதுன்னு அங்க சவுக்குக் கழி முட்டுக் குடுத்துட்டு, ரெண்டு பேரையும் சமையக்கட்டுல படுக்க வெச்சிருக்கேன்… அவளா? அவ சமையக்கட்டுலதான் கேக்குதுன்றா. புள்ள பெத்த அசதில உளறுறான்னு விட்டுட்டேன்…"

"அண்ணா?… இன்னா சொன்னீங்க?… எந்தச் சுவரு?… இருங்க, இருங்க. சமையக்கட்டுக்கு நடுவுல சுவரு இருந்துச்சா?… எப்ப இடிச்சீங்க?… அந்த எடத்துக்கு மேலதான் மூட்டையா?"

ஒற்றைக் காதுக்காரனுக்குத் தரையிலும் திசை தெரியாது என்பது இத்தனை வருஷமாக இருதயசாமிக்கு உறைக்கவே இல்லை. இரண்டு காதும் நன்றாக இருக்கிற மனைவி சகாயமேரி சொன்னதைத்தான் உளறல் என்று தள்ளிவிட்டு வந்திருந்தான். பாவி, பெண்டாட்டி பிள்ளையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய் அங்கே படுக்க வைத்திருந்தான்.

"ஐயோ மாதாவே… மேரி! ஏ மேரி! வெளிய வா!"

ரிசீவரை அரிசி மூட்டை மேல் போட்டுவிட்டு ஓடினான். ஒரு லாரிக்காரன் பிரேக்கை மிதித்து வாய்க்கு வந்தபடி திட்டினான். கடையில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, முந்தானையைக் குழந்தை மேல் போர்த்திக்கொண்டு சகாயமேரி மழையில் வந்தாள். அவளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே அவன் வந்தான். கடைப்படியில் கால் வைக்கும்போது, எதிரே வீட்டின் பின்பாதி அப்படியே இடிந்து உட்கார்ந்தது.

பலராமன் முக்காலியை எடுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். ரிசீவர் இன்னும் அரிசி மூட்டை மேல் கரகரத்துக்கொண்டிருந்தது. இருதயசாமி அதை எடுத்தான்.

"ஹலோ… இன்னா சத்தமா? உன் சமையக்கட்டுதான்யா… மேரியா? இங்கதான் கீறா. ரெண்டு பேரும் இங்கதான் கீறாங்க… இல்ல, புள்ள தூங்குது. அழுவுறது நான்தான்… வெச்சிடறேன்."