பிறிண்டர்களுக்குப் பேர் வைச்சவன்

இல்லைப் பிள்ளை, எங்கடை கொம்பியூட்டர் வேலை பாக்கிற ஜெரிசனைக் கேக்கத் தேவையில்லை. பிறிண்டர் திருத்துற உம்மை வெளியிலையிருந்து கூப்பிட்டது நான்தானே. அவன் கோயில் பெருநாளுக்கெண்டு லீவு எடுத்துக்கொண்டு குருநகர்க் கரையிலை நிக்கிறான், திங்கக்கிழமை வந்திடுவான். அதுக்கு முன்னம் உந்தப் பேரெல்லாம் மாறியிருக்கவேணும்.

உதைப் பாரும். பிறிண்ட் குடுக்கப் போனால் கொம்பியூட்டர் என்னத்தைக் காட்டுது? சீலா, பாரை, திருக்கை, நெத்தலி. ஓம், மீன்தான். ஒரு அலுவலகத்திலை ஏழு பிறிண்டருக்கும் மீன் பேர் வைச்ச அறிவாளியை நீர் எங்கையாவது கண்டிருக்கிறீரே? எல்லாத்தையும் கட்டி மேய்க்கிற சேர்வருக்குப் பேர் செபநாயகம். அவன்ரை தேப்பன்ரை பேர்.

கேட்டால் விளக்கம் வேறை. பெரிய மெஷின் பெரிய மீனாம், சின்னன் நெத்தலியாம், தட்டையாக் கிடக்கிறது திருக்கையாம். பாத்த உடனை விளங்குமாம். ஆருக்கு? கரையிலை பிறந்தவைக்கு. நான் வட்டுக்கோட்டை. எங்கடை வீட்டுக்குள்ளை முட்டையும் வராது. எனக்குச் சீலாவையும் பாரையையும் ஆர் பிரிச்சுக் காட்டுறது?

எழுதிக்கொள்ளும். முதலிலை கட்டிடம், பிறகு மாடி, பிறகு அறை இலக்கம், கடைசியிலை அந்த அறையிலை எத்தினையாவது மெஷின் எண்டு. இடையிலை வெளி விடக்கூடாது. சேர்வரிலை கிடக்கிற பேரும் மெஷினிலை ஒட்டுற பேரும் ஒண்டாயிருக்கவேணும். ஆக்களின்ரை பேர் கூடவே கூடாது. ஆள் போயிடும், மெஷின் கிடக்கும். பேரை வாசிச்ச உடனை கடுதாசி எந்த அறையிலை வந்து விழும் எண்டு தெரியவேணும். பேர் அதுக்குத்தான், செல்லங் கொஞ்சுறதுக்கில்லை.

மற்றவைக்குப் பிடிச்சுத்தான் கிடக்கு. சீலாவுக்குச் சாப்பாடு முடிஞ்சுதாம் எண்டு சிரிச்சுக்கொண்டு றொசாந்தி பேப்பர் கட்டோடை போறா. படிச்ச பிள்ளை.

என்ன? அவனிட்டையே சொல்லியிருக்கலாமோ? சொன்னால் அஞ்சு நிமிசத்திலை மாத்தித் தருவான். முகமும் சுழிக்கமாட்டான். அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு.

கதவைச் சாத்தும்.

அவனை நிப்பாட்டிப்போட்டு வேறை ஆளைப் போடச்சொல்லி, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினனான். கையெழுத்து வைக்கேல்லை. அலுவலகம் மீன்சந்தையாப் போச்சுது எண்டு எழுதினனான். இன்னும் ரெண்டொரு வசனம், அது உமக்குத் தேவையில்லை. என்ரை மேசையடிச் சீலாவிலை வரவேண்டிய கடிதம், நான் பேர் மாறி அமத்தினதிலை பாரையிலை போய் விழுந்திட்டுது. பாரை கிடக்கிறது அவன்ரை அறையிலை. கையெழுத்தில்லாட்டி என்ன, பிறிண்டருக்கு அனுப்பின கடுதாசியள் கொம்பியூட்டரிலை நிக்கிற வரிசையிலை ஆர் அனுப்பினது எண்டு பேர் விழுமாமே. எனக்கு அப்ப அது தெரியாது.

மடிச்சுக் கொண்டுவந்து மேசையிலை வைச்சான். ரெண்டு கிழமையாச்சு, ஒருத்தரிட்டையும் வாய் திறக்கேல்லை. அண்டைக்கு அதை வைச்சுப்போட்டு, அக்கா, கொழும்புக்கு அனுப்புறதெண்டால் ரெண்டு பிரதி வேணும், மற்றதையும் எடுத்துத் தரட்டோ எண்டு கேட்டான்.

நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன், பிள்ளை. எடுத்துத் தந்தவன்.