மணி கேட்காதவருக்கு வழி

ஆம்பூர் ரயில் கேட் மூடியிருந்தது. நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் ஒன்றாக நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, பதப்படுத்தாத பச்சைத் தோல் கட்டு ஏற்றிய சைக்கிள்காரரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உங்க சைக்கிள் நாத்தத்துக்குக் கோடி புண்ணியம்ண்ணே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா, கிண்டலா?"

"சாமி சத்தியமா இல்லண்ணே. எங்க வீட்டுக்காரருக்குக் காது சுத்தமா கேக்காது. மார்க்கெட் சந்துல நீங்க பின்னால வந்தா, வாசனை புடிச்சே ஒதுங்கிக்கிறாரு. நீங்க மெதுவா வர்றதால வாசனை முன்னால வந்துடுது."

அவர் சிரித்துவிட்டார். "பாரம் ஜாஸ்திம்மா. வேகமா மிதிக்க முடியாது."

புது சைக்கிளோடு நின்ற வாலிபர் ஒருவர் குறுக்கிட்டார். "சந்துல சைக்கிளுக்கும் வேகம் இவ்ளோதான்னு போர்டு வெக்கணும்னு மார்க்கெட்டுல பேசிக்கிறாங்க. பேஜாரு! சைக்கிள்ல மீட்டரா இருக்கு? மணி அடிச்சா ஒதுங்கிக்கிட்டாப் போதாதா?"

"போன வாரம் ஒருத்தன் மணி அடிச்சிக்கிட்டேதான் அவரை இடிச்சுத் தள்ளினான், தம்பி. அதோ, கேட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு."

வாலிபர் எட்டிப் பார்த்தார். அந்த மனிதருடைய முழங்காலில் துணிக்கட்டு இருந்தது.

கேட் திறந்தது. வாலிபர் சைக்கிளில் ஏறவில்லை, அவருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே நடந்தார். மார்க்கெட் சந்து முனையில் அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, பதறிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினார். வாலிபர் அப்படியே நின்று, முன்னால் போகும்படி கையைக் காட்டினார். அந்த மனிதர் நடுச்சந்தில் நிதானமாக நடந்து போனார்.

"நல்லா இருப்பா, நல்லா இரு" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் விரிஞ்சிபுரம் கோயிலின் வழித்துணைநாதரை நினைத்து மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.