ஜன்னலோரத்துக்கு ஒரு டிக்கெட்

எழுபதுகளின் தொடக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் கொய்யாக் கூடை. மற்றவள் ஜன்னலோரம், வெறுங்கையோடு.

"சேலத்துல யாரு வூட்டுக்குங்க்கா?" என்றாள் கூடைக்காரி.

"யாரு வூட்டுக்கும் இல்லீங்க. எறங்கி, அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருவேன்."

"அப்பறம் எதுக்குப் போறீங்க?"

"தொப்பூர் மலை எறங்கறதப் பாக்கத்தான். மாசம் ஒருக்கா, எரும பால் காசுல."

"வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்றதில்லீங்களா?"

"அவரு பீடி வாங்கறப்ப என்னையக் கேக்கறாரா?"

"அந்தக் காசுக்கு ஒரு ஜாக்கெட் துணி எடுக்கலாமில்லீங்க?"

"எடுக்கலாம். ஆனா வளைவுல மரமெல்லாம் கிட்ட வந்துட்டு, அப்படியே தள்ளிப் போவுது பாருங்க. அந்தக் கொஞ்ச நேரம், அடுப்புல என்ன இருக்குதுன்னு எனக்கு நெனப்பே வராது."

பஸ் மலை இறங்கத் தொடங்கியது. கூடைக்காரியும் கழுத்தை நீட்டி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

தொப்பூரில் இறங்கிய கூடைக்காரி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"யக்கா, பழத்த வித்துட்டு இங்கயே நிக்கறேன். திரும்பறப்ப எனக்கும் ஒரு எடம் புடிச்சுட்டு வாங்க. ஜன்னலோரமா."

"பக்கத்துல புடிச்சுத் தர்றேன். ஜன்னலோரம் மட்டும் கேக்காதீங்க."