இடையில் இருந்த கம்ப்யூட்டர்

எங்கள் தெருவில் டெலிபோன் கம்பம் என் வீட்டோடு நின்றுவிட்டது, ஐயா. ஒத்தக்கடையில் புதிதாகப் போட்ட மனைகள். பக்கத்து வீட்டு மீனா எழுதிக் கொடுத்து ஒரு வருடமாகியும் லைன் வரவில்லை. 2005 தொடக்கத்தில் அந்த வரிசையில் எனக்கு மட்டும்தான் பிராட்பேண்ட் இருந்தது.

மீனா இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுத்துவந்தாள். மூன்று கம்ப்யூட்டர்கள். கணவன் சூரியபிரகாஷ் வளைகுடாவில், பாலைவனத்துக் கட்டட வேலையில் இருந்தான். அங்கே போன் பேச வழியில்லை. கிளார்க்கின் கம்ப்யூட்டரில் மெயில் மட்டும் போடலாம். என் பெயர் சௌரிராஜன். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். கல்யாணமாகவில்லை. உதவி கேட்டாள், செய்தேன்.

சுவர் மேல் வயர் இழுத்தேன். அவள் வீட்டு நெட்வொர்க் தனி, என் வீட்டு நெட்வொர்க் தனி. என் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு மாட்டி நடுவில் வைத்தேன். போவதும் வருவதும் அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அவள் மெயிலும் முதலில் அதில் இறங்கும். அவள் கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் கடிதம் காத்திருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

ஒருநாள் அது உண்மையிலேயே நின்றுபோனது. மீனா சுவரோரம் வந்தாள்.

"அண்ணே, ரெண்டு நாளா அவரு மெயிலே வரல. செத்தப் பாக்குறீகளா?"

சரிசெய்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே கடிதத்தைப் படித்துச் சிரித்தாள். பத்து நிமிடம் இருந்திருப்பாள்.

அடுத்த வாரம் அவன் கடிதத்தை நானே ஒரு மணி நேரம் பிடித்துவைத்தேன். அவள் வந்தாள். பிறகு ஒருநாள் முழுக்க வைத்தேன். தப்பு என்று தெரியும். பிறகு கடிதத்தை விட்டுவிட்டால் தப்பு தீர்ந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். தையோடு ஊருக்கே திரும்பிவிடுவதாக ஒரு கடிதம் வந்தது. அதை விடவில்லை. அதற்குப் பின் வந்தவற்றையும் விட முடியவில்லை. ஏன் எழுதவில்லை என்று அவள் அனுப்பியவற்றையும் நிறுத்தவேண்டியதாயிற்று. தினமும் சாயங்காலம் வந்து கேட்டாள். அங்கே வேலை அதிகமாக இருக்கும் என்று ஆறுதல் சொன்னேன்.

அக்டோபரில் மூன்று கடிதங்கள் வந்தன. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், கலெக்டர் ஆபீசில் மனு கொடு என்றது முதலாவது. கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு விட மறுக்கிறார்கள் என்றது அடுத்தது. கடைசியை அவனோடு வேலை பார்த்த பேயாண்டி அனுப்பியிருந்தான். ஆளுக்கு நினைவில்லை, அனுப்பிவைத்த ஏஜென்ட்டிடம் யாராவது உடனே பேசுங்கள் என்று.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். கொடுத்தால், முந்தையவை எங்கே என்று கேட்பாள். இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு காலையும் எழுந்தேன். பதினோரு நாள் அப்படி எழுந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஏஜென்ட் என் வீட்டுக்குப் போன் செய்தார். நான்தான் போய்ச் சொன்னேன். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணே சொல்றீக?" என்று அதைக் கழற்றாமலேயே கேட்டாள். இன்னொரு முறை சொல்லவேண்டியிருந்தது.

பெட்டி வந்து சேர இருபது நாளாயிற்று. விமான நிலையத்துக்கும் நான்தான் கூடப் போனேன்.

போன ஞாயிறு பேயாண்டி லீவில் வந்திருந்தான். அவன் மீனா வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"மூணு மெயிலு போட்டோமே மதினி. ஒண்ணுகூடவா பாக்கல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. "வயர்ல எதுவும் கோளாறாண்ணே?"

"இருக்கும்" என்றேன்.

மீனா தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தேன் ஒழுங்காப் பாக்காம விட்டுட்டேன். வேலை வேலைன்னு கெடந்து அவர அனாதையா விட்டுட்டேனே."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலேயே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மஞ்சள்காமாலை என்று சான்றிதழில் போட்டிருக்கிறது. அப்படியல்ல. சூரியபிரகாஷைச் சாகவிட்டவன் நான். முதல் கடிதத்தைக் கொடுத்திருந்தாலே பிழைத்திருப்பான். கம்ப்யூட்டரை ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு கடிதத்தைக்கூட நான் அழிக்கவில்லை. மீனாவிடம் கொடுக்கும்போது, இத்தனை நாளும் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயா.